சுவர் தாண்டிய கருப்பு ஒயர்

அன்று காலை விடிந்தபோது அண்ணிக்குத் தொண்டை கட்டியிருந்தது. முந்தின இரவு படுக்கும்வரை நன்றாக இருந்த தொண்டை. சளியும் இல்லை, இருமலும் இல்லை. கழுத்தில் ஒரு துண்டைச் சுற்றிக்கொண்டு, தொண்டையைத் தொட்டுக் காட்டி, கையை விரித்தாள். அவ்வளவுதான், அந்த வீட்டின் தபால் நிலையம் மூடப்பட்டுவிட்டது.

விஷயம் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. பெரியவனும் சின்னவனும் கூடப்பிறந்தவர்கள். பெரியவன் கதவு செய்கிறவன். சின்னவன் லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவன். இருவரும் சேர்ந்து, கம்ப்யூட்டர் சொன்னபடி பலகையில் எழுத்துச் செதுக்கும் இயந்திரம் ஒன்றை வீட்டிலேயே செய்தார்கள். செத்துப்போன இரண்டு பிரிண்டர், ஒரு கட்டில், வாங்கிய வாரமே இளைக்கும் ஆசையைக் கைவிட்ட பக்கத்து வீட்டுக்காரரின் நடைப்பயிற்சி மெஷின் ஆகியவை அதன் முன்னோர்கள். சட்டமும் தண்டவாளமும் பெரியவன் கைவேலை. மோட்டார்களை ஆட்டிவைக்கும் கண்ட்ரோல் போர்டு சின்னவன் கைவேலை.

முதல் நாள் ஓட்டத்தில் அது பலகையைச் செதுக்கியது. பிறகு பலகைக்குக் கீழிருந்த மேஜையைச் செதுக்கியது. மேஜைக்குக் கீழே தரையில் முதல் எழுத்தைத் தொடங்கியபோதுதான் நிறுத்த முடிந்தது. அந்த அரை எழுத்து இன்னும் தரையில் இருக்கிறது. கூட்டும்போது அதில் குப்பை மாட்டும்.

"ப்ரோக்ராம் தப்பு" என்றான் பெரியவன்.

"சட்டம் கோணல்" என்றான் சின்னவன்.

இந்த இரண்டு வாக்கியங்களுக்கு நடுவில் ஒரு பிளைவுட் சுவர் எழும்பியது. வீடு இரண்டானது, கரண்ட் மீட்டர் இரண்டானது. ஊருக்கெல்லாம் கதவு செய்கிறவன் தன் வீட்டில் கதவே இல்லாமல் ஒரு சுவர் வைத்தான். இயந்திரத்தை மட்டும் பிரிக்க முடியவில்லை. ஒயர்களெல்லாம் சூடுவைத்து ஒட்டியவை. அதனால் சட்டம் அந்தப் பக்கம், போர்டு இந்தப் பக்கம், நடுவில் சுவரில் ஒரு ஓட்டை. ஓட்டைக்குள் ஏழு ஒயர்களும் ஒரு பல்லியும் இருந்தன. இரண்டு வீட்டுக்கும் தடையில்லாமல் போய்வந்தது அந்தப் பல்லி ஒன்றுதான்.

பேச்சு மட்டும் தெருவைச் சுற்றித்தான் போக வேண்டும். "உன் கொழுந்தன்கிட்ட சொல்லு" என்பான் பெரியவன். "உங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லுங்க" என்பான் சின்னவன். அண்ணி செருப்பை மாட்டிக்கொண்டு போவாள். அவள் வெறும் தபால்காரி இல்லை. உப்பைக் குறைத்து, காரத்தை எடுத்து, ஆறவைத்துத்தான் பரிமாறுவாள். இங்கே "மடையன்" என்று கிளம்பியது அங்கே போய்ச் சேரும்போது "பாவம், மறந்துட்டாப்ல" என்று ஆகியிருக்கும். இப்படி ஒரு வருஷம் குடும்பம் நடந்தது.

போன வாரம்தான் அந்தச் செய்தி வந்தது. சின்னவன் வேறு ஊருக்கு மாற்றல் கேட்டு வாங்கிவிட்டான். இன்று சாயங்காலம் சாமான் வண்டி வருகிறது. போர்டு அவன் பங்கு. அதுவும் வண்டியில் ஏறும்.

அண்ணி இந்த வீட்டுக்கு வந்த புதிதில் சின்னவன் சட்டைப் பொத்தானை ஒன்று தள்ளிப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறவன். இழுத்து நிறுத்தி, அவிழ்த்து, மறுபடி போட்டுவிடுவது அவள் வேலை. போகிறவன் போகட்டும், அண்ணனிடம் நேருக்கு நேர் ஒரு வார்த்தை பேசிவிட்டுப் போகட்டும் என்பதுதான் அவள் வெளியே சொல்லிக்கொண்டது. பேசிவிட்டால் போகமாட்டான் என்பது உள்ளே வைத்துக்கொண்டது.

அதற்காகத்தான் அந்த லேசரை வாங்கினாள்.

தீப்பெட்டியை நிறுத்திவைத்து, நன்றாகச் சோறு போட்டு வளர்த்ததுபோல ஓர் உருப்படி. தலையில் சின்னக் காற்றாடி, வாயில் கண்ணாடி. செதுக்குகிற மோட்டாரைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் இதைப் பொருத்தினால் நீல வெளிச்சத்தால் மரத்தைச் சுட்டுக் கோடு போடும். முந்தின நாளே, தொண்டை இருந்தபோதே, இரண்டு பக்கமும் சொல்லிவைத்திருந்தாள்: "ஓடலன்னா நாளைக்கே கடையில திருப்பிக் கொடுக்கணுமாம். ஒரு தடவை மாட்டிப் பாத்துச் சொல்லிடுங்க, போதும்." சட்டம் இல்லாமல் அதை மாட்ட முடியாது. போர்டு இல்லாமல் ஓட்ட முடியாது. வாங்குவதற்கு முன் அவள் கடைக்காரரிடம் கேட்ட ஒரே கேள்வி இதுதான்.

கூடவே கண்ணைக் காக்க ஆரஞ்சுக் கண்ணாடி இரண்டு வந்திருந்தன. பெரியவன் பெட்டியைத் திறந்தபோது ஒன்றுதான் இருந்தது. மற்றது எங்கே போனது என்பது அண்ணியின் தையல் மெஷின் டிராயருக்குத் தெரியும்.

"என்ன, ஒண்ணுமே பேச வரலையா?" என்றான் பெரியவன்.

அண்ணி தலையாட்டினாள்.

"எழுதிக் காட்டேன்."

அவள் வலது மணிக்கட்டைத் தூக்கிக் காட்டினாள். அதிலும் ஒரு துணி சுற்றியிருந்தது.

பெரியவன் கொஞ்ச நேரம் அந்த இரண்டு துணிகளையும் பார்த்தான். பிறகு ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு இயந்திரத்தின் பக்கம் போனான். முரடன்தான், ஆனால் மனைவிக்கு உடம்பு சரியில்லை என்றால் அன்று முழுக்க மெதுவாக நடப்பான்.

மோட்டாரைக் கழற்றினான். லேசரை வைத்து, நான்கு திருகாணிகளையும் தன் வழக்கப்படி ஒரு சுற்று அதிகமாகவே முறுக்கினான். லேசரிலிருந்து மூன்று ஒயர்கள் தொங்கின. சிவப்பும் கருப்பும் கரண்ட்டுக்கு. மஞ்சள், 'இப்போது எரி, இப்போது அணை, இவ்வளவு எரி' என்று போர்டு சொல்லும் கட்டளைக்கு. சிவப்பையும் கருப்பையும் தன் மீட்டரிலிருந்து வரும் சப்ளைப் பெட்டியில் முறுக்கினான். ஏற்கெனவே மோட்டாருக்குக் கட்டளை கொண்டுவந்த ஒயர் ஓட்டையில் இருந்தது; அதன் நுனியில் மஞ்சளை இணைத்தான்.

பிறகு சுவரைப் பார்த்து, பொதுவாக, காலண்டரிடம் சொல்வதுபோலச் சொன்னான்: "இந்தப் பக்கம் முடிஞ்சுது."

சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு இருமல். அதற்கு 'சரி' என்று பொருள்.

சின்னவன் பக்கத்தில் வீடு முழுக்க அட்டைப்பெட்டிகள். கட்டாமல் மிச்சமிருந்தது கம்ப்யூட்டரும் போர்டும்தான். அவன் ஒயரை மோட்டாருக்கான முனையில் சரிபார்த்தான். ப்ரோக்ராமில் ஒரு எண்ணை மாற்றி, இனி தலையில் இருப்பது சுழலும் மோட்டார் இல்லை, சுடும் விளக்கு என்று போர்டுக்குத் தெரிவித்தான். கட்டளையைப் பூஜ்யத்தில் வைத்தான். பூஜ்யம் என்றால் அணைந்திருக்க வேண்டும்.

"அண்ணி, உங்க வீட்டுக்காரரை ஸ்விட்ச் போடச் சொல்லுங்க" என்று ஓட்டைப் பக்கம் குனிந்து சொன்னான்.

அண்ணி அடுக்களை வாசலில், கண்ணுக்கு நல்லதல்ல என்று இயந்திரத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். அசையவில்லை.

பெரியவன் ஆரஞ்சுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, யாரும் சொல்லாமல் தானே தோன்றியதுபோல, ஸ்விட்சைப் போட்டான்.

காற்றாடி சுற்றியது. அடுத்த நொடி பலகையில் ஒரு நீலப் புள்ளி விழுந்து, விழுந்த இடத்திலேயே நின்று எரிக்கத் தொடங்கியது.

"அணைக்கச் சொல்லு" என்றான் பெரியவன்.

அண்ணி கழுத்துத் துண்டைச் சரிசெய்தாள்.

"ஏய், உன்னைத்தான். அது பாட்டுக்கு எரியுது. அணைக்கச் சொல்லு அவனை."

ஸ்விட்ச் அவன் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. ஆனால் எரியச் சொல்வதும் அணையச் சொல்வதும் போர்டின் பொறுப்பு. அவன் ஏன் அணைக்க வேண்டும்? அந்தப் பக்கம் கம்ப்யூட்டரில் பூஜ்யம் என்று தெளிவாக இருந்தது. சின்னவன் ஏன் எழுந்திருக்க வேண்டும்? இன்று வாயைத் திறப்பதில்லை என்று அண்ணி முடிவு செய்திருந்தாள். அவள் ஏன் திறக்க வேண்டும்? மூன்று பேருக்கும் கொள்கை இருந்தது. பலகைக்கு மட்டும்தான் இல்லை. அது புகைந்தது.

புகை கொஞ்சம் கொஞ்சமாக ஓட்டையைக் கண்டுபிடித்தது. முதலில் வெளியே வந்தது பல்லி. அதன் பின்னால் புகை.

"அண்ணி, அங்க என்ன கருகுது?"

பதில் இல்லை.

"அண்ணி?"

அண்ணிக்குத் தன் மூக்கே எரிந்தது. ஒரு நிமிஷம், எல்லாவற்றையும் விட்டுவிட்டு எழுந்து ஸ்விட்சை அணைத்துவிடலாமா என்றுகூடத் தோன்றியது. துண்டின் நுனியைக் கடித்துக்கொண்டாள்.

"அண்ணே," என்றது சுவர். "ஸ்விட்சை அணைங்க அண்ணே."

பெரியவன் அணைத்தான். காற்றாடி நின்றது. பலகையில் ஒரு பட்டாணி போகிற அளவுக்கு ஓட்டை. அண்ணி சுவர்ப்பக்கம் திரும்பி, துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். புகைதான் காரணம் என்று வைத்துக்கொள்ளலாம்.

"நான் பூஜ்யம்தான் கொடுத்தேன்" என்றது சுவர்.

"இங்க முழுசா எரிஞ்சுது."

"என் கம்ப்யூட்டர்ல பூஜ்யம் காட்டுது."

"அப்ப என் பலகை பொய் சொல்லுதா? ப்ரோக்ராம் தப்பு."

"ப்ரோக்ராம்ல ஒரு தப்பும் இல்ல. உங்க சட்டம்தான் கோணல்."

"கோணல் சட்டத்துக்கும் லேசர் எரியறதுக்கும் என்னடா சம்பந்தம்?"

"சம்பந்தம் இல்லதான். ஒரு வருஷமா சொல்லணும்னு வச்சிருந்தேன், சொல்லிட்டேன்."

அண்ணி கேட்டுக்கொண்டிருந்தாள். அதே சண்டை, அதே வார்த்தை. ஆனால் அவள் வாயைத் தொடாமல், சூடு ஆறாமல், நேராகப் போய் நேராக வந்துகொண்டிருந்தது. திட்டுகூடச் சொந்தக் காலில் நடந்தால் அதற்கொரு ஆரோக்கியம் இருக்கிறது.

"சரி, கருப்பு ஒயரை எங்க கொடுத்தீங்க?" என்றான் சின்னவன்.

"என் சப்ளைல."

"அங்கேருந்து என் போர்டுக்கு?"

"உன் போர்டுக்கு எதுக்கு? உன் கரண்ட் உனக்கு, என் கரண்ட் எனக்குன்னு நீதானே சொன்ன."

சுவருக்கு அந்தப் பக்கம் சின்னவன் தன் தலையிலேயே ஒரு குட்டு வைத்துக்கொண்டான். வேறொரு வீட்டில் யாராவது இப்படி ஒயர் கொடுத்திருந்தால் சின்னவன் அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லி ஒரு மாதம் சிரித்திருப்பான். இரண்டு தனித்தனி சப்ளை என்றால் இரண்டின் கருப்பையும் ஒன்றாகச் சேர்க்க வேண்டும். பாடத்தின் முதல் பக்கம். வீட்டுக்கு இரண்டு மீட்டர் வாங்கிய அன்றே அவன் அந்தப் பக்கத்தைக் கிழித்துப்போட்டிருக்க வேண்டும்.

"அண்ணே, தப்பு என்னுதுதான்."

"என்ன தப்பு?"

"மஞ்சள் ஒயர் 'இவ்வளவு'ன்னு சொல்லுது. எங்கேருந்து இவ்வளவுன்னு கருப்பு ஒயர்தான் சொல்லணும். ரெண்டு கருப்பும் சேரலன்னா லேசருக்கு நான் சொல்றது ஒண்ணும் காதுல விழாது. ஒண்ணும் விழலன்னா அது முழுசா எரியும். அதோட குணம் அப்படி."

பெரியவன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினான். யோசித்தான். "தரை எங்கன்னு தெரியாம கதவுக்கு உயரம் அளக்கற மாதிரி."

"அதேதான்."

"இதை முதல்லயே சொல்றதுக்கென்ன?"

"யார்கிட்ட சொல்றது?"

பெரியவன் ஒயர் சுருளிலிருந்து கருப்பை எடுத்து நீட்டிப் பார்த்தான். ஓட்டையில் எட்டாவதாக ஒன்று நுழையவில்லை. குத்திப் பார்த்தான், திருகிப் பார்த்தான். கடைசியில் டிரில்லை எடுத்தான்.

"தலையைத் தள்ளிக்கோ."

"எங்க போடறீங்க?"

"ஓட்டைக்கு ரெண்டு விரல் கீழ."

"இருங்க, அங்க பெட்டி இருக்கு. ம், இப்ப போடுங்க."

டிரில் சுவரைத் துளைத்தது. பெரியவன் ஒயரை உள்ளே விட்டான். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கை இழுத்தது.

"விடுங்க. இன்னும் கொஞ்சம். போதும், இழுக்காதீங்க."

"நான் எங்கடா இழுக்கறேன். நீதான் இழுக்கற."

"சரி, பிடிச்சுக்கோங்க, அப்படியே."

இரண்டு கருப்பும் சேர்ந்தன. பெரியவன் கண்ணாடியை இறக்கி ஸ்விட்சைப் போட்டான். காற்றாடி சுற்றியது. நீலம் வரவில்லை. "பூஜ்யம்" என்றது சுவர். "இப்ப கொஞ்சம் தர்றேன்." பலகையில் மயிர்க்கோடு போல ஒன்று விழுந்தது. "இப்ப பாதி." கோடு கருத்தது. "இப்ப நிறுத்தறேன்." நின்றது.

"நிக்குதுடா" என்றான் பெரியவன். அந்த 'டா'வில் ஒரு வருஷத்து வட்டி இருந்தது.

அதற்குமேல் சின்னவனால் அந்தப் பக்கம் உட்கார முடியவில்லை. தான் செய்தது எரிவதைத் தான் பார்க்காமல் எப்படி? தெருவைச் சுற்றி ஓடிவந்து வாசலில் நின்றான். ஒரு வருஷத்துக்குப் பிறகு அந்தப் படியில் ஏறுகிறோம் என்ற நினைப்பு பாதிப் படியில்தான் வந்தது. ஒரு காலை மேலேயும் ஒரு காலைக் கீழேயும் வைத்துத் தயங்கினான்.

"வெளியில நின்னு என்ன பாக்கப் போற" என்றான் பெரியவன்.

அண்ணி டிராயரைத் திறந்து இரண்டாவது கண்ணாடியை எடுத்து நீட்டினாள். அண்ணன் தம்பி இருவரும் அதைப் பார்த்தார்கள், அவளைப் பார்த்தார்கள். சின்னவன் வாங்கி மாட்டிக்கொண்டான்.

சின்னவன் பத்துக் கட்டங்கள் வரச்சொல்லி அனுப்பியிருந்தான். வெளிறியதிலிருந்து கருகியதுவரை, ஒன்றைவிட ஒன்று கூடுதலாக. தலை அசைந்து அசைந்து ஒவ்வொன்றாக நிரப்பியது. இருவரும் ஆரஞ்சுக் கண்ணாடியோடு, குனிந்து, ஒரே பலகைக்கு இரண்டு ஆந்தைகள்போலப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஏழும் எட்டும் ஒரே மாதிரி இருக்கு" என்றான் பெரியவன்.

"இல்ல, எட்டு கருப்பு."

"எங்க கருப்பு? உன் கண்ணாடி அழுக்கு."

"உங்க பலகை ஒரே மாதிரி மரம் இல்ல. அந்த இடத்துல கணு இருக்கு."

"கணுவா? என் பலகைலயா?"

அண்ணி அவர்கள் முதுகைப் பார்த்தபடி நின்றாள். இனி எங்கே போவான் என்று நினைத்தாள். நினைத்த வாக்கில் வெளியே சாமான் வண்டியின் சத்தம் கேட்டது.

சின்னவன் நிமிர்ந்து கண்ணாடியைக் கழற்றினான். முகத்தில் ஒரு வருஷத்துச் சுமையை இறக்கிவைத்தவனின் தெளிவு.

"அண்ணே, போர்டு இங்கேயே இருக்கட்டும். நான் எடுத்துட்டுப் போகல."

"அது உன் பங்குடா."

"இருக்கட்டும். பிரிச்சு எடுத்துட்டுப் போய் என்ன பண்ணப் போறேன். சண்டையில போறோமேன்னுதான் அதையும் தூக்கிட்டுப் போலாம்னு நெனச்சேன். இப்ப நிம்மதியாப் போவேன்."

"அப்ப போகத்தான் போறியா" என்றாள் அண்ணி.

குரல் கணீரென்று வந்தது, அடுக்களைப் பாத்திரம் அதிர. சொன்ன பிறகுதான் கை தொண்டைத் துண்டுக்குப் போனது. பெரியவன் அவளைத் திரும்பிப் பார்த்தான். சின்னவனும் பார்த்தான். அவள் துண்டை அவிழ்த்துக் கொடியில் போட்டாள். பிறகு மணிக்கட்டுத் துணியையும் அவிழ்த்து அதன் பக்கத்தில் போட்டாள். அவள் முடிச்சுப் போடத்தான் இத்தனையும் செய்தாள். அவன் காலில் கிடந்த கடைசி முடிச்சை அவிழ்த்துவிட்டிருக்கிறாள் என்பது இப்போதுதான் புரிந்தது. அண்ணனோடு கோபமாக இருந்தவரைக்குமாவது அவனுக்குப் போக மனசு கஷ்டப்பட்டிருக்கும்.

"அங்க நல்ல வேலை அண்ணி. மாசத்துக்கு ஒரு தடவை வந்துடுவேன்" என்றான் சின்னவன், தரையைப் பார்த்துக்கொண்டு.

"வருவ. வருவ. போறவங்க எல்லாரும் போகும்போது இப்படித்தான் சொல்லுவாங்க." அவள் கைநீட்டி அவன் சட்டைக் காலரைச் சரிசெய்தாள். காலர் சரியாகத்தான் இருந்தது.

பெரியவன் லேசரின் ஸ்விட்சை அணைத்தான், பிளக்கைப் பிடுங்கினான், பலகையைத் தட்டித் தூசியை ஊதினான். செய்வதற்கு வேறு ஒன்றும் இல்லை என்று ஆனபோது கேட்டான்:

"போற வீட்ல கதவெல்லாம் ஒழுங்கா சாத்துதா?"

"வாசக்கதவு கீழ கொஞ்சம் இடிக்குது. தூக்கிப் பிடிச்சு சாத்தணும்."

"தூக்கிப் பிடிச்சா?"

"பரவால்லண்ணே, பழகிடும்."

பெரியவன் உள்ளே போனான். வண்டிக்காரர் பெட்டிகளை ஏற்றத் தொடங்கினார். கட்டில், மின்விசிறி, பாத்திரச் சாக்கு, கம்ப்யூட்டர். எல்லாம் ஏறியபிறகு பெரியவன் வெளியே வந்தான். தோளில் இழைப்புளி வைத்த பை. கையில் நான்கு கீல். யாரையும் பார்க்காமல் வண்டியின் முன் கதவைத் திறந்து, வண்டிக்காரரின் பக்கத்து இடத்தில் ஏறி, பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

"எங்க கிளம்பிட்டீங்க?" என்றாள் அண்ணி.

"கதவு இடிக்குதாம். நம்ம வீட்டுப் பையன் தூக்கிப் பிடிச்சு சாத்தினான்னு நாலு பேர் கேட்டா என் தொழிலுக்கு மரியாதையா? சரிபண்ணிட்டு நாளைக்கு வந்துடறேன்."

அண்ணிக்குச் சிரிப்பு வந்தது; கூடவே கண்ணும் கலங்கியது. சரி, இதுவும் ஒரு கணக்கு. அவன் இங்கே இருக்கவில்லை என்றால் இவர் அங்கே போகிறார். பேச்சு பாதை பிடித்துவிட்டது, அது போதும். திரும்பிச் சின்னவனைப் பார்த்தாள், அவனும் சிரித்துக்கொண்டிருப்பான் என்று.

சின்னவன் சிரிக்கவில்லை. முகம் வெளிறி, முதல் கட்டத்து நிறத்தில் இருந்தது. அவள் கையைப் பிடித்து வண்டியின் பின்பக்கம் இழுத்துக்கொண்டு போனான்.

"அண்ணி, ஏதாவது சொல்லி அவரை இறக்குங்க. இன்னைக்கு வேணாம். அடுத்த மாசம் வரட்டும்."

"ஏண்டா, ஆசையா வர்றார். இடிக்கிற கதவுதானே, ஒரு மணி நேர வேலை."

"கதவு இல்ல அண்ணி." அவன் வண்டியின் முன்பக்கத்தை எட்டிப் பார்த்தான். "அந்தக் கதவை அவர் தட்டினா, திறக்கறதுக்கு உள்ள ஒரு பொண்ணு இருக்கா. அண்ணனுக்குத் தெரியாது."

அண்ணி வாயைத் திறப்பதற்குள், முன்னால் இருந்த பெரியவன் வண்டிக்காரரைத் தாண்டிக் கையை நீட்டி ஹாரனை ஓங்கி அமுக்கினான்.